ஏழு சந்திக்கும் போன ஒரு வரி

எங்கள் ஊரில் ஓர் அறிவித்தல் செல்லுபடியாக வேண்டுமென்றால் அது ஏழு சந்திகளிலும் வாயால் சொல்லப்பட வேண்டும். கடதாசியில் எழுதி மரத்தில் ஒட்டினால் போதாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். வாசிக்கத் தெரிந்தவர்களும் ஒட்டியதை நம்பமாட்டார்கள். பறை கேட்டதா, ஏழு சந்தியிலும் சொல்லியாயிற்றா என்றுதான் கேட்பார்கள். காணி கைமாறுவது, கட்டாக்காலியாய்த் திரிந்த மாடு பிடிபட்டது, அம்மை வராமல் அம்மைப்பால் கட்ட ஆள் வருவது எல்லாம் பறையோடுதான் சனத்திடம் போய்ச் சேர்ந்தன.

நான் சொல்வது எல்லோருக்கும் வாக்குரிமை வருவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம். ஊர், கோப்பாயிலிருந்து அச்சுவேலிக்குப் போகும் பக்கத்தில் இருந்தது. மேற்கே செம்மண்ணும் புகையிலைத் தோட்டங்களும். கிழக்கே போகப் போக மண் வெளுத்து, கடைசியில் உப்பு நீரேரி. என் தாயின் தமையன், எனக்கு அம்மான், ஊருக்கு விதானையார், அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவர். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து நன்றாக இருந்ததால் அம்மான் என்னைத் தன் எழுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது.

கை இருந்ததே தவிர எனக்கு வாய் இருக்கவில்லை. மூன்று பேர் கூடினால் பேச்சு வராது. ஒரு கலியாண வீட்டில் சோறு போதும் என்று சொல்ல வெட்கப்பட்டு, போட்டதெல்லாம் தின்று இரண்டு நாள் படுக்கையில் கிடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் எழுதியதைத்தான் ஊர் முழுக்க உரத்துச் சொன்னார்கள்.

சொன்னவர் பறையடிப்பவர். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். இன்றைக்கு ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று நான் அவரை ‘நீ’ என்றேன், அவர் என்னையும் அம்மானையும் ‘நயினார்’ என்றார். அதை ஒருவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவருடைய ஆட்கள் நீரேரிப் பக்கத்தில் நாற்பது வீடுகளில் இருந்தார்கள்.

ஞாயிறு காலையில் அவர் வருவார். நான் விறாந்தையில் மர வாங்கில் இருந்து கடதாசியை வாசிப்பேன். அவர் முற்றத்தில், கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கு வெளியே நின்று கேட்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எவ்வளவு நீளமான அறிவித்தலானாலும் இரண்டு தரம் கேட்டால் போதும். மூன்றாம் தரம் அவர் எனக்குத் திருப்பிச் சொல்வார். எங்கேயாவது பிழைத்தால் நான் ஒரு விரலை உயர்த்துவேன். அவர் நிறுத்தித் திருத்திக்கொள்வார். சரியாகச் சொன்னால் நான் ஒன்றும் செய்யமாட்டேன். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்துச் சற்று நிற்பார். விரல் எழாவிட்டால், “சரி நயினார்” என்று பறையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பேசக் கூச்சப்படுகிற எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருந்தது.

அவரும் என்னைத் திருத்தியதுண்டு.

“நயினார், ‘மேற்படி’ எண்டது காத்திலை போகாது. சந்தி தாண்ட முதல் விழுந்திடும். ‘அந்த’ எண்டு போடுங்கோ.”

“அம்மான் ‘மேற்படி’தான் வேணுமெண்டுவார்.”

“கடதாசியிலை ‘மேற்படி’ இருக்கட்டும். வாயிலை ‘அந்த’ இருக்கட்டும். பெரிய நயினார் என்ன சந்திக்கு வந்து கேக்கவே போறார்?”

அம்மான் வந்து கேட்டதில்லை. நான் போய்க் கேட்டேன். மூன்றாம் சந்தியில் ஒரு மதகு உண்டு. அதன் பக்கத்தில் மாட்டுக்குப் புல் பார்க்கிறவன்போல நிற்பேன். பறை மூன்று தரம் அதிரும். பிறகு அந்தக் குரல் எழும். நான் எழுதிய வார்த்தைகள் அந்தக் குரலில் வேலிகளுக்கு மேலால் போவதைக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் எழுதினேன் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் நிம்மதியாக நின்று கேட்க முடிந்தது. வேலிக்குள் இருந்து பெண்கள் கேட்பார்கள்: “என்னவாம், ஆரின்ரை மாடாம்?” அவர், “வெள்ளை நாம்பன், நாச்சியார். கொம்பைப் பாத்தால் உங்கடை வீட்டு மாடுமாதிரித்தான் கிடக்கு,” என்பார். உள்ளே சிரிப்புக் கேட்கும்.

ஒரு வருடம் மாசி மாதத்தில் அம்மான் எனக்கு ஓர் அறிவித்தல் எழுதத் தந்தார். ஊரில் பெரிய புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். பின்னேரங்களில் அம்மானோடு சீட்டு விளையாட வருபவர். அவருடைய இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய நடைபாதை, போனது. அதை அடைத்து இரண்டு தோட்டத்தையும் ஒன்றாக்க அவர் விரும்பினார். ஒழுங்கைக்கு அருகே காணி உள்ளவர்களில் மறுப்பு உள்ளவர்கள் மூன்றாம் பறையிலிருந்து எட்டு நாளுக்குள் விதானையார் வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். மூன்று ஞாயிறு, ஏழு சந்தி.

அந்த ஒழுங்கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நீரேரிப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் உவர். பருப்பு வேகாது. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் பிடிக்கும். நாற்பது வீட்டுப் பெண்களும் காலையும் மாலையும் குடத்தோடு அந்த ஒழுங்கையால்தான் செம்மண் பக்கத்துத் துரவுக்குப் போனார்கள். துரவு என்றால் கட்டாமல் வெட்டிய பெரிய கிணறு, இறங்கி அள்ளலாம். ஊரில் அவர்கள் தாங்களே அள்ளக்கூடிய நல்ல தண்ணீர் அது ஒன்றுதான்.

முதல் ஞாயிறு நான் வாசித்தேன். அவர் ஒரு பிழையும் விடாமல் திருப்பிச் சொன்னார். வழக்கம்போலப் பறையை எடுக்கவில்லை.

“இது எங்கடை ஒழுங்கைதானே நயினார்?”

“ஓம்.”

“நாங்கள் வந்து சொல்லலாமோ?”

நான் உள்ளே போய் அம்மானிடம் கேட்டேன். அம்மான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தபடி, “காணிக்கு உறுதிப் பத்திரம் உள்ளவைதான் சொல்லலாம். அவங்களுக்கு அங்கை என்ன உறுதி கிடக்கு?” என்றார். நான் வெளியே வந்து, “காணி உறுதி இருக்கவேணுமாம்,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏழாம் சந்தி அவருடைய குடியிருப்பின் தொடக்கத்தில் இருந்தது. அங்கேயும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாம் ஞாயிறு நான் அங்கே வரைக்கும் பின்னால் போனேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவர் தன் வீட்டு வேலிக்கு நேரே நின்று அந்த ஒழுங்கை அடைபடப்போவதை அதே குரலில் சொன்னார். மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

“வெக்கமில்லையோ மனுசா? எங்கடை வாசலிலை வந்து எங்களுக்கே சொல்லுறாய்!”

“நான் சொல்லேல்லை. விதானையார் சொல்லுறார்.”

“விதானையாற்றை வாய் உன்ரை மூஞ்சியிலையே கிடக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பறையை முன்னிலும் பலமாக அடித்தார், அவள் பேசியது எதுவும் கேட்காதபடி.

மூன்றாம் ஞாயிறு காலை அம்மான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் கடதாசியை வாசித்தேன். மூன்றாவது தரம் என்பதால் வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. வாசித்து முடித்துக் கடதாசியைப் பார்த்தபடியே இருந்தேன். என் வாயிலிருந்து ஒரு வரி வந்தது. அது கடதாசியில் இல்லை.

“அந்த ஒழுங்கையாலைதான் நாப்பது வீடு நல்ல தண்ணிக்குப் போகுது.”

அவருக்குச் சொல்லவேண்டும் என்று சொன்னேனா? இல்லை என்றுதான் அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மனம் பொறுக்காமல் வந்த பேச்சு.  அவர் அறிவித்தலை முதலிலிருந்து சொன்னார். கடைசியில், அதே ஏற்ற இறக்கத்தோடு, அந்த வரியையும் சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

என் கை கடதாசிக்கு மேலே இருந்தது. விரலை உயர்த்தவேண்டும் என்று எனக்குத் தெரியும். கிணற்றடியில் துலா கிரீச்சிடுவது கேட்டது. நான் விரலை உயர்த்தவில்லை.

“சரி நயினார்,” என்று பறையை எடுத்துக்கொண்டு போனார்.

மதகடியில் போய் நின்றேன்.  பறை மூன்று தரம் அதிர்ந்தது. அறிவித்தல் முழுவதும் வந்தது. கடைசியில் அந்த வரி வந்தது. மற்றவற்றை விட உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. விதானையாரின் சொல்லோடு சொல்லாக அது வேலிகளைத் தாண்டிப் போனது.  வேலிக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள்:

“ஓமடி, உது சரிதானே. அவளவை பிறகு எங்காலை போறது?”

“விதானையாரே சொல்லியிருக்கிறார், கேட்டனியே?”

“உந்த மனுசனுக்கும் இரக்கம் வந்திட்டுது போலை.”

மத்தியானத்துக்குள் ஏழு சந்தியும் அதைக் கேட்டுவிட்டன. கடையில் அதே கதை. அம்பட்டன் தீட்டுத்தடியில் கத்தி தீட்டிக்கொண்டே அதைப் பறைக்குரலில் சொல்லிக்காட்ட, இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டிருந்தது. தோட்டக்காரரைத் தவிர ஒழுங்கைக்கு அருகே காணி உள்ள இரண்டு பேரில் ஒருவர், “உதிலை நியாயம் இருக்கு,” என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பின்னாளில் எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டிருக்கிறேன். பேசுகிறவர் தன் சொல்லால் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துச் சால்வையைச் சரிசெய்வாரே, அந்த நேரத்து முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவுக்கு வரும்.

திங்கள் காலை தோட்டக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே விறாந்தையில் ஏறி இருந்தார். பறையடிப்பவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் பறையை நிலத்தில் வைத்துவிட்டு முற்றத்தில் நின்றார். நான் எனது வாங்கில்.

“எடேய், நேற்றுச் சந்தியிலை என்ன சொன்னனி?” என்று அம்மான் கேட்டார்.

“சொல்லித் தந்ததைச் சொன்னனான் நயினார்.”

“கடைசி வரி?”

“அதுவும் சொல்லித் தந்ததுதான்.”

அம்மான் கடதாசியை எடுத்து நீட்டினார். “இதிலை உந்த வரி இல்லை.”

“எனக்குக் கடதாசி தெரியாது நயினார். காதாலை வந்ததுதான் தெரியும்.”

“உன்ரை காதுக்குள்ளை ஆர் வந்து சொன்னது, முனியோ?” என்றார் தோட்டக்காரர். “விதானையார், இவன் சொந்தமாய்ச் சேத்திருக்கிறான். இனி நீங்கள் வீட்டிலை படுங்கோ. இவன் ஊரை நடத்துவான்.”

“ஆர் சொல்லித் தந்தது? சொல்லு,” என்றார் அம்மான்.

 அவர் என் பக்கம் திரும்பவில்லை. நிலத்தில் கிடந்த பறையையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். அதனால்தான் திரும்பவில்லை.

அம்மான் கொஞ்சம் யோசித்தார். அவர் கொடுமையான மனிதர் அல்ல. சச்சரவு பிடிக்காதவர்.

“மூண்டு மாசத்துக்கு நீ ஊருக்குள்ளை பறை எடுக்கப்படாது. பக்கத்து ஊரிலையிருந்து ஆள் கூப்பிடுறன். போ.”

அவர் குனிந்து பறையை எடுத்தார். அதோடு முடிந்திருக்கும். நான் அப்போதுதான் வாய் திறந்தேன்.

“நான்தான்.”

“என்ன?”

“நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

அந்த வீட்டில் நான் அவ்வளவு உரக்கப் பேசியது அதுதான் முதல் தரம். ஆனால் தோட்டக்காரருக்கு அது கேட்கவில்லை. “பெடியன் என்ன சொல்லுது?” என்று அம்மானைக் கேட்டார்.

“தான் சொல்லிக் குடுத்தவராம்,” என்றார் அம்மான். பிறகு கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உன்ரை கையெழுத்துத்தானே இது? இதிலை இல்லாததை எப்பிடிச் சொல்லிக் குடுத்தனி?”

“வாயாலை.”

தோட்டக்காரர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, வெற்றிலைச் சாறு வேட்டியில் பட்டுத் துடைத்தார். “வாயாலையோ! உவருக்கு வாய் இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். எங்கடை வீட்டுக் கலியாணத்திலை சோறு போதுமெண்டு சொல்லத் தெரியாமல் இருந்தவர், சனத்துக்கு ஞாயம் சொல்லிக் குடுத்தவராம்.”

அம்மான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு முற்றத்தில் நின்றவரைப் பார்த்தார். அம்மானின் முகம் மாறுவதை நான் கண்டேன்.

“எடேய், பெடியனுக்கு என்ன செய்தனி?”

“நான் ஒண்டும் செய்யேல்லை நயினார்.”

“என்ன சொல்லி வெருட்டினனி? இல்லை, அழுது காட்டினனியோ? ஒரு வரி கூடச் சொன்னதுக்கு மூண்டு மாசம் எண்டு விட்டன். என்ரை வீட்டுப் பெடியனை எனக்கு முன்னாலை பொய் சொல்லப் பண்ணினவனை என்னெண்டு விடுறது? இனி நீயும் வேண்டாம், உன்ரை மகனும் வேண்டாம். ஒரு செத்த வீட்டுக்கும், ஒரு கோயிலுக்கும் உங்களை ஒருத்தரும் கூப்பிடப்படாது.”

“அம்மான், அவன் ஒண்டும்...”

“நீ உள்ளை போ.”

நான் உள்ளே போனேன். இருபத்துமூன்று வயது ஆண்பிள்ளை. போ என்றதும் எழுந்து உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் நின்று, அவர் முற்றத்தைக் கடந்து போகும் காலடியைக் கேட்டேன்.

இன்றும் நான் விளங்கிக்கொள்ள முயல்வது இதைத்தான். பேசாமல் இருந்தபோது என் வரி ஏழு சந்திக்கும் போனது. பேசியபோது விறாந்தையிலிருந்து முற்றம் வரைக்கும்கூடப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் நம்புவார்கள், நம்பினால் அவரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நம்பமாட்டார்கள் என்பது ஒருபுறம். நம்பாதவர்கள் அதற்கு ஒரு காரணம் தேடுவார்கள், அந்தக் காரணம் அவர் தலையில் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அந்த வீட்டில்தானே வளர்ந்தேன், தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. எட்டு நாள் இருந்தது. அருகே காணி உள்ள இரண்டு பேரில் ஒருவர் வந்து மறுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒழுங்கையை அடைக்க முடியாது. ஒழுங்கை தப்பினால் அவர் வேலை போனதற்காவது ஒரு பலன் இருக்கும். நான் தினமும் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு படலையைப் பார்த்தபடி இருந்தேன்.

ஆறாம் நாள் ஒருவர் வந்தார், “நியாயம் இருக்கு” என்று சொன்னவரே. அம்மான் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளினார். அவர் வெற்றிலை போட்டார். மழை இல்லாததைச் சொன்னார். புகையிலையில் விழுந்த பூச்சியைச் சொன்னார். தன் மகளுக்கு நல்லூர்ப் பக்கத்தில் பேசியிருக்கும் சம்பந்தத்தைச் சொன்னார். நான் பேனாவை மையில் தொட்டு வைத்திருந்தேன். அவர் ஒருமுறை என் கையைப் பார்த்தார்.

“வேறை என்ன விசயம்?” என்றார் அம்மான்.

“வேறை என்ன... சும்மா வந்தனான்,” என்று எழுந்தார்.

அவர் படலையைத் தாண்டும்போது நான் எழுந்து பின்னால் போனேன். கேட்டுவிடவேண்டும் என்றுதான் போனேன். அவர் திரும்பிப் பார்த்தபோது என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. அவருக்கே என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தம்பி, சொல்லத்தான் இருந்தனான். ஆனால் பறையடிக்கிறவன் சந்தி சந்தியாய்ச் சொல்லிப்போட்டான். இனி நான் போய் அதையே சொன்னால், அவன் சொல்லி நான் கேட்டதாய்ப் போகும். நாளைக்குச் சபையிலை என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள். மகளின்ரை சம்பந்தமும் நடக்கிற நேரம்.”

“அவன் சொல்லாட்டில்?” என்று கேட்டேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

“சொல்லாட்டில் நான் வந்திருப்பன்,” என்றார்.

வந்திருப்பாரா? தெரியாது. வராததற்குக் காரணம் கிடைத்தால் எவருக்கும் ஆறுதல்தான். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்றால், நான் விரலை உயர்த்தாமல் விட்டதுதான் அந்த ஒழுங்கையை அடைத்தது. மற்றக் காணிக்காரர் வரவே இல்லை.

எட்டாம் நாள் சூரியன் சாயும் வரை இருந்தோம். பிறகு அம்மான் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ஏழு சந்தியிலும் மூன்று தரம் பறையடித்து அறிவித்தும் மேற்படி ஒழுங்கை தொடர்பாக மறுப்பு எதுவும் சொல்லப்படவில்லை. அம்மான் வாசித்துக் கையொப்பம் வைத்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு என்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

மறுநாள் ஒழுங்கையின் இரண்டு வாயிலிலும் வேலிக்குக் கதியால் தடிகள் நட்டார்கள். இரண்டாம் நாள் பனைமட்டை வரிந்து வேலி எழுந்தது. துரவுக்குப் போக இனி நீரேரி ஓரமாகச் சுற்றி, உவர்த் தரையைக் கடந்து, கள்ளிப் பற்றைக்கும் சேற்று வாய்க்காலுக்கும் நடுவே போகிற ஒற்றையடிப் பாதையால்தான் வரவேண்டும். ஒரு குடம் தண்ணீருக்கு முன்பு எடுத்த நேரத்தைவிட மூன்று மடங்கு.

அவரைப் பார்த்து ஏதாவது சொல்லவேண்டும் என்று பத்து நாள் நினைத்தேன். என்ன சொல்வது என்று எழுதிக்கூடப் பார்த்தேன். ஒருநாள் காலை உவர்த் தரைப் பக்கத்தால் அந்த ஒற்றையடிப் பாதைக்குள் போனேன். பாதி வழியில் எதிரே அவர் வந்தார். தோளில் காவுதடி, இரண்டு பக்கமும் இரண்டு குடம். பின்னால் ஆறேழு பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

“என்ன நயினார், இஞ்சாலை?”

“உன்னைப் பாக்கத்தான்.”

அவர் காவுதடியை மற்றத் தோளுக்கு மாற்றினார். நான் எழுதிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அண்டைக்கு நான் சொன்னது... உனக்கு உதவியாய் இருக்குமெண்டு...”

“ஓம். சொன்னியள்.” அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. “சொல்லாமல் இருந்திருந்தால் மூண்டு மாசம். ஆனி பிறக்கப் பறை எடுத்திருப்பன். இப்ப பெடியனை வன்னிக்கு, வயல் வேலைக்கு விட்டிருக்கிறன்.”

“அந்த வரியை... தெரிஞ்சோ சொன்னனி?”

“தெரிஞ்சுதான் நயினார். நீங்களும் தெரிஞ்சுதானே விட்டியள்.”

நான் தலையைக் குனிந்தேன். பின்னால் ஒரு பெண், “என்ன கதை உங்கை? கை சோருது,” என்றாள். “சத்தம் போடாதை, நயினார் நிக்கிறார்,” என்றாள் மற்றவள். மூன்றாவது ஆள் அவருடைய மனைவி. அவள் என்னைப் பார்க்காமல், “நயினார்மார் எங்கடை ஒழுங்கையிலைதான் மறிச்சு நிண்டினம். இப்ப இதிலையும் நிக்கினம்,” என்றாள்.

அவர் அவளை அடக்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் போனால்தான் நயினார், இவையள் நகரலாம்.”

“நீங்கள் முதலிலை போங்கோ,” என்றேன்.

“எப்பிடிப் போறது? உங்களை முட்டிக்கொண்டோ? பிறகு அதுக்கும் ஒரு விசாரணை வைப்பினம்.”

ஒதுங்க இடம் தேடினேன். ஒரு பக்கம் கள்ளி, மறுபக்கம் வாய்க்கால் சேறு. சேற்றுக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தேன், முழங்கால் வரை புதைந்தது. “வேண்டாம் நயினார், விழுந்திடுவியள்,” என்றார் அவர். நான் காலை இழுத்து எடுத்தேன். இதற்குள் ஒரு குடம் சரிந்து தண்ணீர் கொட்டும் சத்தமும், “ஐயோ” என்ற சத்தமும் கேட்டன. எவள் குடம் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வந்த வழியே திரும்பி நடந்தேன். பாதை முடிந்து உவர்த் தரை விரியும் இடம் வரை அவர்கள் எனக்குப் பின்னால், இடைவெளி விட்டு வந்தார்கள்.  நான் மெதுவாகப் போனால் அவர்களும் நிற்கவேண்டியிருக்கும் என்று, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன்.